மஃரிபுக்குப் பிறகு மறுநாள்

ஜனவரி ஐந்தாம் தேதி காலை, மகள் இஃப்ராவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்து, ஆறிப்போன டீயை மேசையில் வைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்த நஸீராவின் கண்ணில் முதலில் பட்டது ஒரு தேதி. பிப்ரவரி 21. பட்டியலின் கடைசி வரியில், மற்றத் தேதிகளோடு ஒரு தேதியாக, சாதுவாக இருந்தது. ஆனால் அது அங்கே இருக்க வழியே இல்லை.

பட்டியல் களிமுனை ஜமாஅத்துடையது. பெரியபட்டினத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, கடலை ஒட்டி நூற்றைம்பது வீடுகள். பாதி வீடுகளில் ஆண்கள் கிடையாது, எல்லாரும் சபுராளிகள், துபாயிலும் குவைத்திலும் பிழைப்பவர்கள். ஊரில் ஒருவர் மௌத்தானால் மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள்களில் இறந்தவருக்காக ஓதும் பாத்திஹா எந்தெந்தத் தேதியில் விழும் என்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரிந்தால்தான் லீவு சொல்லி டிக்கெட் போட முடியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெரியவரின் நாற்பதாம் நாளை ஆளுக்கொரு விதமாக விரல் விட்டு எண்ணி, குவைத்திலிருந்த மகன் பெட்டியோடு வந்து இறங்கிய காலையில் வீட்டில் காலிச் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதோடு ஊருக்கு விரல் மேல் நம்பிக்கை போய்விட்டது. ராமநாதபுரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பிஎச்பி மொழியில் நிரல் எழுதிக்கொடுக்கும் நஸீராவிடம் வந்து கேட்டார்கள். தேதிகளை எண்ணிப் பட்டியல் போடும் மென்பொருள் ஒன்றை ஒரு வாரத்தில் எழுதிக் கொடுத்தாள்.

எண்ணும் முறையை அவளுக்குச் சொல்லித் தந்தவர் பள்ளிவாசல் மோதினார் ஹமீது சுல்தான். ஐந்து வேளையும் பாங்கு சொல்வதும், மைக்கில் மௌத்து அறிவிப்பதும், இறந்தவர் விவரத்தைப் பள்ளிவாசல் போனில் பதிவதும் அவர் வேலை. மௌத்தான நாளே முதல் நாள், அதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்றார். ஆகவே நாற்பதாம் நாளுக்கு +39 days என்று எழுதினாள். அடுத்ததைச் சொல்லும்போது மட்டும் அவர் விரலைத் தூக்கிக் காட்டினார்.

"மஃரிப் பாங்கு சொல்லியாச்சுன்னா மறுநாள் பொறந்துருச்சு புள்ள. பொழுதடைஞ்சு மௌத்தானா அது மறுநாள் கணக்கு. ஒன் மிஷினு ராத்திரி பன்னெண்டுன்னு சாதிக்கும். அதுக்கு நல்லாப் புரியவையி."

அதற்கும் ஒரு வரி எழுதினாள். இறந்த நேரம் மஃரிபுக்குப் பிந்தினால் தேதியில் ஒன்றைக் கூட்டு. எழுதிச் சோதித்தாள், சரியாக வந்தது, அப்புறம் அந்த வரியை அவள் திறந்து பார்த்ததே இல்லை.

இன்றைக்கே ஒருவர் இறந்தாலும் நாற்பதாம் நாள் பிப்ரவரி 13ஆம் தேதிதான். 21 என்றால் எட்டு நாள் கூடுதல். மேசைக் காலண்டரில் விரலை வைத்துப் பின்னோக்கி எண்ணினாள். ஜனவரி 13, செவ்வாய்க்கிழமை. வராத செவ்வாய். வரியின் இடது முனையில் இருந்த பெயரை அப்போதுதான் படித்தாள். மர்ஹூம் ஹமீது சுல்தான்.

சிரிப்புத்தான் வந்தது. இறந்தவர் பெயருக்கு முன்னால் மர்ஹூம் என்று போடாவிட்டால் மனுஷனுக்குக் கை ஓடாது. பெயரை மட்டும் போடுங்கள் மாமா என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள், மய்யித்துக்கு மரியாதை வேண்டாமா என்பார். பழக்க தோஷத்தில் தன் பெயரையே போட்டுவிட்டார் போல என்று நினைத்துப் போனில் கூப்பிட்டாள். சத்தியமாக நான் பதியவில்லை என்றார் அவர். ஒரு மாதமாக ஊரில் மௌத்தே இல்லை, போனைக் கையில் எடுத்தே பல நாளாயிற்று என்றார். அப்புறம் தேதியைக் கேட்டார். சொன்னாள்.

"நோன்புக்குள்ளல்ல விழுது? ஊருக்கு நெய்ச்சோறு இல்லையே. கஞ்சியக் குடிச்சிட்டுப் போவட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடிகிற இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார். பாங்குக்கு முன்னாலும் அப்படித்தான். மைக்கை விரலால் இரண்டு தட்டு, ஒரு செருமல், அப்புறம்தான் குரல் எழும்பும். களிமுனையில் கைக்குழந்தைக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

தப்பு தன்னுடையதுதான் என்று முடிவுகட்டினாள். இறந்த தேதி இன்றைக்குப் பிந்தியதாக இருக்கக்கூடாது என்று ஒரு சோதனையை அவள் எழுதவே இல்லை. யார் போய் அடுத்த வாரம் இறந்தவரைப் பதியப்போகிறார்கள் என்ற நினைப்பு. பிஎச்பிக்கு எதைக் கொடுத்தாலும் மறுக்கத் தெரியாது. பிப்ரவரி 30 என்று கொடுத்தால்கூட மார்ச் 2 என்று தானே திருத்திக்கொண்டு போய்விடும். அந்த வரியை அழித்தாள். திங்கட்கிழமை வேலை தலைக்கு மேல் கிடந்தது, சோதனையை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

பதின்மூன்றாம் தேதி அஸர் தொழுகைக்குப் பாங்கு வரவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த நஸீரா நிமிர்ந்து பார்த்தாள். கடற்கரைப் பக்கம் காய்ந்துகொண்டிருந்த கருவாட்டின் வாடையும், யார் வீட்டிலோ குக்கர் விசில் அடிக்கும் சத்தமும், தூரத்தில் ஒரு வள்ளத்தின் இன்ஜினும் இருந்தன. பாங்கு மட்டும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மைக் கரகரத்து, பழக்கமில்லாத ஒரு இளைஞனின் குரல் மௌத்து அறிவித்தது. ஹமீது சுல்தான் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தார். எழுப்பப் போனவர்கள் தூங்குகிறார் என்றுதான் நினைத்தார்களாம்.

இரவு இஷா தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். பதிய ஆள் இல்லை என்று ஜமாஅத் செயலாளர் நஸீராவையே பதியச் சொன்னார். மறுநாள் காலையில் உட்கார்ந்தாள். ஹமீது சுல்தான், ஜனவரி 13, மாலை மணி நாலு. பொத்தானை அமுக்கினாள். அவளே எப்போதோ எழுதிவைத்த வாசகம் சிவப்பில் வந்தது. இந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகியுள்ளது.

அவள் அழித்த வரி அதே இடத்தில் இருந்தது. பிப்ரவரி 21. கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. நஸீரா மடிக்கணினியை மூடிவிட்டு வெகுநேரம் அதன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். இஃப்ரா பள்ளிக்கூடம் விட்டு வந்து ஷூவைக் கழற்றி எறிந்து பசிக்குது என்று கத்தியபோதுதான் எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை, பதினாறாம் தேதி, புது வரி வந்திருந்தது.

மர்ஹூமா இஃப்ரா. தகப்பனார் பெயர் இஃப்திகார். மேலத்தெரு, வீட்டு எண் நாலு. நாற்பதாம் நாள் மார்ச் 3.

ஒரு தடவை படித்தாள். பக்கத்து அறையில் இஃப்ரா பாடிக்கொண்டே படம் வரைந்துகொண்டிருந்தாள். கலர் பென்சில்கள் தகர டப்பாவுக்குள் உருளும் சத்தம் கேட்டது. இந்த ஊரில் இஃப்ரா என்று வேறு பிள்ளை இல்லை. மேலத்தெருவில் வேறு நாலாம் எண் இல்லை. ஏழு வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நஸீராவின் கை காலண்டரைத் தேடிப் போனது, போகாதே என்று அவளே நினைக்க நினைக்கப் போனது. மார்ச் 3இலிருந்து முப்பத்தொன்பது நாள் பின்னால். ஜனவரி 23. அடுத்த வெள்ளி.

அழித்தாள். பக்கத்தைப் புதுப்பித்தாள். இருந்தது. வரிசை எண் மட்டும் 61 என்று இருந்தது 62 ஆகியிருந்தது. மறுபடி அழித்தாள். 63. பெயரை மாற்றிச் சும்மா நாலு எழுத்தைத் தட்டிவைத்தாள், கண்ணை எடுத்துத் திரும்ப வைப்பதற்குள் மர்ஹூமா வந்து உட்கார்ந்துகொண்டது. எழுதாமல் விட்ட சோதனை வரியை எழுதினாள். வருங்காலத் தேதியை ஏற்காதே. தானே ஒரு பொய்ப் பெயரை நாளைய தேதியில் போட்டுப் பார்த்தாள், மென்பொருள் ஒழுங்காக மறுத்தது. அவளை மறுத்தது. அந்த வரியை ஒன்றும் செய்யவில்லை.

பட்டியல் இருக்கும் கம்பெனி சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பர்வேஸைக் கூப்பிட்டு, என்ன பெயர் என்று சொல்லாமல், அந்த வரி எங்கிருந்து வந்தது என்று மட்டும் பார்க்கச் சொன்னாள். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். பள்ளிவாசல் போனிலிருந்துதான் வந்திருக்கிறது என்றான், காலை பதினொன்றே காலுக்கு. நஸீரா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு செயலாளர் வீட்டுக்கு நடந்தாள். அவர் அவளைக் கூட்டிப்போய்ப் பள்ளிவாசல் அலமாரியைத் திறந்து காட்டினார். ஹமீது சுல்தானின் தொப்பிக்கும் அத்தர் குப்பிக்கும் நடுவில் போன் கிடந்தது. சார்ஜ் தீர்ந்து அணைந்துபோய், மேலே லேசாகத் தூசு. அலமாரிக்குள்ளிருந்து அவர் வாடை வந்தது. அத்தரும் வெற்றிலையும் கலந்த வாடை. அவர் போனபின் இன்றைக்குத்தான் திறக்கிறேன் என்றார் செயலாளர். என்ன விஷயம் என்று கேட்டார். நஸீராவால் சொல்ல முடியவில்லை. உங்கள் பட்டியலில் என் பிள்ளை பெயர் இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது உறுதியாகிவிடும் என்று பயந்தாள்.

அன்றிரவு கணவனிடம் சொன்னாள். இஃப்திகார் அபுதாபியில் எலக்ட்ரீஷியன், எதையும் பிரித்துப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன். முதலில் சிரித்தான். கம்ப்யூட்டர் சொல்வதற்கெல்லாம் பயந்தால் ஆகுமா, ஆயத்துல் குர்ஸி ஓதிப் பிள்ளை மேல் ஊதிவிட்டுப் படு என்றான். ஹமீது சுல்தான் விஷயத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கெழம தானே? வெள்ளிக்கெழம முழுக்க அவள மடிய விட்டு எறக்காத. நான் வாரேன்" என்றான்.

வருவது அவன் கையில் இல்லை. பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. லீவு எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, டிக்கெட் போட்டால் மதுரைக்கு வந்து சேர்வது சனிக்கிழமை காலை. அதற்கு முன் எதுவும் கிடைக்கவில்லை. மாமியார் கீழக்கரையில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார், கூப்பிட்டால் என்ன காரணம் சொல்வது? வீட்டில் அவளும் குழந்தையும்தான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய்விடலாமா என்று யோசித்தாள். ராமநாதபுரம் போகலாம், மதுரை போகலாம். ஆனால் பஸ்ஸில் போக வேண்டும், சாலையில் போக வேண்டும், அந்தத் தேதி காத்திருப்பது அங்கேயாக இருந்தால்? எந்த இடத்துக்கு என்று பட்டியலில் இல்லை. தேதிதான் இருந்தது. கையில் இருந்த ஒரே விவரத்தை அவள் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணியிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணி வரை. இருபத்து நாலு மணி நேரம். அதைத் தாண்டிவிட்டால் போதும்.

அந்த ஒரு வாரமும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆறு வருடம் வாழ்ந்த வீட்டில் ஒரு குழந்தை சாவதற்கு இத்தனை வழிகள் இருந்ததை அவள் கவனித்ததே இல்லை. கிணற்றுக்கு இரும்பு வலை வாங்கிப் போட்டுக் கம்பியால் முறுக்கினாள். கேஸ் சிலிண்டரைக் கழற்றிக் கொல்லைக்கு உருட்டினாள். மாத்திரை, பினாயில், கத்தரிக்கோல், ஊசி, கோலிக்குண்டு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். மெத்தையை மின்விசிறிக்கு அடியிலிருந்து இழுத்து மூலையில் போட்டாள். உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்த ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, பிள்ளை கல்லுக் குண்டாட்டம் இருக்கிறாள் என்று அவர் சொன்னார். இஃப்ராவுக்கு எல்லாம் விளையாட்டாக இருந்தது. வீடு மாற்றப்போகிறோமா உம்மா என்று கேட்டாள்.

தினமும் காலையில் பட்டியலைத் திறந்து அந்த வரியை அழித்து அழித்துப் பார்த்தாள். தேதி அசையவில்லை. வரிசை எண் 88 ஆகியிருந்தது.

வியாழக்கிழமை வந்தது. இருபத்திரண்டாம் தேதி. எல்லாம் தயாராக இருந்தது. நாளைக்கு வேண்டிய இடியாப்பத்தையும் பாலையும் மாலையில் பக்கத்து வீட்டில் வாங்கிவிட்டால் அடுப்பே பற்றவைக்க வேண்டாம். அஸருக்குப் பிறகு, பள்ளிவாசலை ஒட்டியிருந்த மதரஸாவுக்கு ஓதப் போகிறேன் என்று இஃப்ரா கிளம்பி நின்றாள். போக வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். நூறு எட்டு தூரம். மற்றப் பிள்ளைகளோடு போய் மஃரிபுக்கு வந்துவிடுவாள். நாளை முழுக்க அறைக்குள் அடைக்கப்போகிறோம், இன்றைக்கு ஒரு மணி நேரம் காற்றாட இருக்கட்டும். இன்றைக்கு ஒன்றுமில்லை. இன்று வியாழக்கிழமை.

குழந்தையின் நெற்றியில் ஓதி ஊதி, தாவணியை முக்காடாகச் சுற்றி ஊசி குத்தாமல் முடிச்சுப் போட்டு அனுப்பினாள். வாசலில் நின்று, குர்ஆனை நெஞ்சோடு அணைத்தபடி அந்தச் சின்ன முக்காடு தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தாள்.

வீடு அமைதியாக இருந்தது. வெயில் மஞ்சளாகிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. கம்பெனி வேலை நாலு நாளாகக் கிடந்தது, ஒன்றையாவது முடிக்கலாம் என்று உட்கார்ந்தாள். ஏதோ ஒரு கடைக்காரனுக்கு முப்பது நாள் தவணைத் தேதி எண்ணிச் சொல்லும் பக்கம். புதிதாக எழுதுவானேன், ஜமாஅத்துக்கு எழுதியதில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய கோப்பைத் திறந்தாள். +39 days என்ற வரி இருந்தது. அதற்கு மேலே, அவள் கையாலேயே எழுதிய இன்னொரு வரி இருந்தது.

இறந்த நேரம் மஃரிபுக்குப் பிந்தினால், தேதியில் ஒன்றைக் கூட்டு.

நஸீரா அதைப் படித்தாள். பக்கத்தை நகர்த்தப் போனவள் நின்றாள். திரும்பப் படித்தாள்.

மார்ச் 3இலிருந்து அவள் பின்னோக்கி எண்ணியது முப்பத்தொன்பது நாள். இந்த வரியை அவள் எண்ணவில்லை. ஹமீது சுல்தான் அஸரில் போனார், பகலில் போனவருக்கு இந்த வரி தேவைப்படவில்லை, அதனால் அவள் கணக்கு பொருந்திவிட்டது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரின் தேதியிலேயே கிடந்தவளுக்கு வெள்ளிக்கிழமை என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி. பட்டியலுக்கு அப்படி இல்லை. பட்டியலுக்கு வெள்ளிக்கிழமை பிறப்பது இன்றைக்கு. இன்று பொழுதடைந்ததும்.

ஜன்னலைப் பார்த்தாள். சுவரில் வெயில் இல்லை.

மடிக்கணினியின் மூலையில் மணி 6.15. இன்றைய மஃரிப் 6.16. அவளே ஏற்றிவைத்த நேரப்பட்டியல்.

பள்ளிவாசல் மைக் உயிர் பெற்றுக் கரகரத்தது. புதிதாகப் பாங்கு சொல்லும் பையன் மைக்கைத் தட்டுவதில்லை. நேராக ஆரம்பித்துவிடுவான்.

டக். டக்.

ஒரு செருமல்.

நஸீரா ஓடினாள். செருப்பில்லாமல், முக்காடு நழுவியது தெரியாமல். பாங்கு தலைக்கு மேல் எழும்பியது, அது யார் குரல் என்று கேட்காமலிருக்க வாய்க்குள் ஏதேதோ ஓதிக்கொண்டே ஓடினாள். மணல் காலை இழுத்தது. மதரஸா விட்டுவிட்டிருந்தது. பிள்ளைகள் கும்பலாக எதிரே வந்தார்கள். வெள்ளை முக்காடுகள். ஒன்றொன்றாகப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். இல்லை. இதுவும் இல்லை. இஃப்ரா எங்கே என்று கேட்டாள். ஒரு பிள்ளை பள்ளிவாசல் பக்கம் கையைக் காட்டியது.

தொழுகைக்குக் கைகால் கழுவும் ஹவுலின் விளிம்பில் இஃப்ரா நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் கறுத்துக் கிடந்தது. பாசி படிந்த படியில் ஒரு காலை இறக்கி, மறு காலைத் தூக்கிக்கொண்டு, யாரோ உள்ளேயிருந்து பேசுவதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்திருந்தாள்.

பின்னாலிருந்து இடுப்போடு அள்ளினாள். குழந்தை பயந்து கத்தினாள். ஈரக் கால்கள் நஸீராவின் வயிற்றில் உதைத்தன. சூடான, கனமான, உயிருள்ள பிள்ளை. தூக்கிக்கொண்டு திரும்ப ஓடினாள், வழியில் ஒரு பைக் வந்ததற்குச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள், மறுபடி ஓடினாள். வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டாள். மேல் தாழ்ப்பாளும் போட்டாள். மூலை மெத்தையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டு இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"உம்மா, மூச்சு முட்டுது" என்றாள் இஃப்ரா. நஸீரா பதறிக் கையைத் தளர்த்தினாள்.

மணி 6.22.

குழந்தையை முழுக்கத் தடவிப் பார்த்தாள். கால் விரல்கள், முட்டி, கழுத்து, காதுக்குப் பின்னால். காயமில்லை. காய்ச்சலில்லை. தலையில் தேங்காயெண்ணெய் வாசம். பூச்சி எதுவும் கடித்ததா? இல்லையாம். யாராவது ஏதாவது தின்னத் தந்தார்களா? இல்லையாம். ஹவுலில் ஏன் இறங்கினாய் என்று கேட்டாள். கூப்பிட்டாங்க என்றாள் இஃப்ரா. யார் என்று நஸீரா கேட்கவில்லை.

ஹவுல்தான். பட்டியல் சொன்னது அதுதான். பிள்ளை தப்பித்துவிட்டது. இரண்டு நிமிடம் பிந்தியிருந்தால் போயிருக்கும், பிந்தவில்லை, தப்பித்துவிட்டது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே முன்னும் பின்னும் ஆடினாள். இஃப்ரா உம்மா ஆடுவதைப் பார்த்துவிட்டு, பெரிய மனுஷிபோல அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

அறையில் இருட்டு சேர்ந்துகொண்டு வந்தது. விளக்கைப் போட எழ வேண்டும், எழ மனமில்லை. மேசையில் மடிக்கணினித் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதில் 6.24 இருந்தது.

6.25.

வெளியே மைக் கரகரத்தது.

தொழுகை முடிய நேரமாகவில்லை. இந்த நேரத்தில் மைக்கில் ஒன்றும் இருக்காது.

டக். டக்.

செருமல்.

அஸ்ஸலாமு அலைக்கும் என்றது குரல். மௌத்து அறிவிப்பு என்றது. அவசரப்படாமல், எப்போதும்போல, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு. மேலத்தெரு. நாலாம் எண் வீடு. சபுராளி இஃப்திகார் அவர்களின் மகளார்.

இஃப்ரா மடியில் கிடந்தபடியே முகத்தை நிமிர்த்தினாள். அந்த முகத்தில் பயம் இல்லை. தெரிந்தவர் குரலைக் கேட்ட சந்தோஷம்தான் இருந்தது.

"உம்மா, மோதினாரப்பா என் பேரச் சொல்றாங்க."

நஸீரா குழந்தையின் காதைப் பொத்தினாள். தன் மார்போடு தலையை அமுக்கிப் பொத்தினாள். குரல் நிற்கவில்லை. இன்னா லில்லாஹி சொல்லி முடித்தது. அடக்கம் நாளை ஜும்ஆவுக்குப் பின் என்றது. மைக் அணைந்தது.

தெருவில் கதவுகள் திறந்தன. ஒன்று. அப்புறம் ஒன்று. அப்புறம் நிறைய. யாரோ ஒரு பெண் ஐயோ ரப்பே என்றாள். காலடிகள் மணலில் இந்தப் பக்கமாக வந்தன. அறிவிப்புக் கேட்டால் ஊர் அப்படித்தான் வரும், கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வரும். வரவேண்டாம் என்று கத்த நினைத்தாள். இவள் இருக்கிறாள், இதோ இருக்கிறாள், யாரும் வராதீர்கள்.

வாசலில் செருப்புகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒன்றன் பின் ஒன்றாக. யாரோ கதவை மெதுவாகத் தள்ளிப் பார்த்தார்கள். தாழ்ப்பாள் அசைந்தது.

நஸீரா உள்ளங்கையைக் குழந்தையின் நெஞ்சில் வைத்தாள். ஏறியது. இறங்கியது. இஃப்ரா கண்ணை மூடியிருந்தாள், எப்போது மூடினாள் என்று தெரியவில்லை. ஏறியது. இறங்கியது. கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்த சின்னக் கை நழுவி மெத்தையில் விழுந்தது. தூக்கம். தூக்கம்தான்.

ஏறியது.

இறங்கியது.

கதவுக்கு வெளியே ஊர் முழுக்க நின்றது. நஸீரா உள்ளங்கையை எடுக்காமல், அது மறுபடி ஏறட்டும் என்று காத்திருந்தாள்.